தட்டை விடுங்கள், தம்ளரைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 2 மாதம். யு.கே.ஜி. அண்ணன்களைவிட இவன்தான் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். சின்னவளுக்குச் சத்துமாவு வாங்க அங்கன்வாடி போனபோது டீச்சர் இவனையும் எடை பார்த்தார். 21 கிலோ, உயரம் 104 செ.மீ. "எடை அதிகம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமியாருக்கு ஒரே கோபம். "புள்ள பூசினாப்ல இருக்கான், கண்ணு வைக்கிறாங்க" என்கிறார். ஆனால் இவன் சாப்பிடுவதே இல்லை. காலையில் 250 மி.லி. பால், சாயங்காலம் 250, ராத்திரி படுக்கும்போது பாட்டிலில் 200. அவ்வளவுதான் ஒழுங்காக இறங்கும். மூன்று வேளையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. காலை, மாலை மால்ட் பவுடர் மூன்று ஸ்பூன். ஆரஞ்சு பாக்கெட் பால். தோசை, சோறு எல்லாம் போனைக் காட்டினால்தான் வாய் திறப்பான். ஸ்கூலுக்கு கிரீம் பிஸ்கட். நான்கு மணிக்குச் சேவு அல்லது சிப்ஸ். வாரம் இரண்டு நாள் அவன் அப்பா கடையை அடைத்துவிட்டுப் பரோட்டா வாங்கி வருவார். தூங்க 11 மணி ஆகிவிடும். பசி எடுக்க மெடிக்கலில் ஒரு டானிக் வாங்கி இரண்டு மாதம் கொடுத்தோம். தைராய்டு பார்க்க வேண்டுமா? சோற்றை நிறுத்தி ஓட்ஸ் கொடுக்கலாமா? — பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அங்கன்வாடி டீச்சர் சொன்னது சரி. அவர் கண்ணால் பார்த்து அதைச் சொல்லவில்லை. எடை, உயரம், வயது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வரும் முடிவு அது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். உயரத்தை மீட்டரில் எழுதி அதை அதாலேயே பெருக்குங்கள்: 1.04 × 1.04 = 1.08. எடையை அதால் வகுத்தால் 19.4 வரும். இதுதான் பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு 19.4 என்றால் நல்ல அளவு. அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு "சரியாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டில் 4 வயது ஆண் குழந்தைக்கு நடுவளவு 15.3. 18.2-ஐத் தாண்டினால் அதிக எடை, 19.9-ஐத் தாண்டினால் உடற்பருமன். பெண் குழந்தைக்கு இந்த எல்லைகள் 18.5, 20.6. உங்கள் மகன் முதல் கோட்டைத் தாண்டிவிட்டான், இரண்டாவதை இன்னும் தொடவில்லை. 104 செ.மீ. உயரமுள்ள பையன்கள் பெரும்பாலும் 17 கிலோவை ஒட்டி இருப்பார்கள். நான்கு கிலோ கூடுதல்.

"வளர்ந்தா வடிஞ்சிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். அங்கிருந்து ஐந்து, ஆறு வயதுவரை பி.எம்.ஐ. தானாக இறங்கி, பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்கும். நான்கு வயதில் விலா எலும்பு லேசாகத் தெரிவது அதனால்தான். அது சவலை கிடையாது. இறங்க வேண்டிய இந்தக் காலத்திலேயே ஏறத் தொடங்கிவிடும் குழந்தைகள்தாம் பிற்காலத்திலும் பருமனாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே இப்போது கவனிப்பது நல்லது. இப்போது கவனிப்பது சுலபமும்கூட, ஏன் என்று சொல்கிறேன்.

அவன் எடை ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை. இந்த வயதில் வருடத்துக்கு ஆறேழு செ.மீ. உயரம் கூடும். அடுத்த வருடம் 110 செ.மீ. ஆகும்போது அதே 21 கிலோவில் இருந்தால் பி.எம்.ஐ. 17.4. ஒரு கிலோ ஏறி 22 ஆனால்கூட 18.2தான். எடை நிற்கட்டும், உயரம் அதை எட்டிப் பிடிக்கட்டும். பட்டினி போடுவது, தட்டில் பாதியைப் பிடுங்குவது, "குண்டா ஆயிடுவே" என்று பயமுறுத்துவது எதுவும் வேண்டாம். அதட்டி நிறுத்தினால் அது திருட்டுத் தீனியாக மாறும்.

அடுத்து, "சாப்பிடுவதே இல்லை" என்ற குறை. நீங்கள் எழுதியதையே கூட்டுகிறேன். ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், 100 மி.லி.யில் ஏறக்குறைய 85 கலோரி. 700 மி.லி. என்றால் 600. மால்ட் பவுடர் ஆறு ஸ்பூன், 30 கிராம், 115 கலோரி. சர்க்கரை ஆறு ஸ்பூன், 30 கிராம், 120 கலோரி. மொத்தம் 830-க்குப் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் சொன்ன கணக்குப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1360 கலோரி. அதில் அறுபது சதவீதம் தம்ளரிலும் பாட்டிலிலுமே உள்ளே போய்விடுகிறது. மிச்ச வயிற்றுக்கு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டும் ஒரு கைப்பிடி சேவும் போதும். காரச்சேவு 30 கிராம் ஒரு கைதான். அதில் 150 கலோரிக்கு மேல். இதற்குப் பிறகு தோசைக்கு வாய் திறக்கவில்லை என்றால் பசியில்லை என்று பொருள். போனைக் காட்டி ஊட்டும்போது அந்த "போதும்" என்ற உணர்வையும் தாண்டி உள்ளே போகிறது. பொம்மைப் படம் ஓடும்போது வாய் தானாகத் திறக்கும், வயிறு சொல்வது காதில் விழாது.

ஆகவே சோற்றை நிறுத்தாதீர்கள். ஓட்ஸும் வேண்டாம், பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கிண்டினால் அதுவும் இன்னொரு தம்ளர் பால்தான். முதல் வேலை பால்.

ஒரு நாளைக்கு 400 மி.லி. போதும், 200, 200 என இரண்டு தடவை. அதிலேயே கால்சியம் 480 மி.கி. கிடைத்துவிடும், இந்த வயதுக்கு வேண்டியது 550. மீதியைத் தயிரோ கேழ்வரகோ கொடுத்துவிடும். புரதம் 16 கிராம் வேண்டும், 400 மி.லி. பாலில் 13, ஒரு முட்டையில் 6. புரதப் பவுடர் எதற்கு? ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து 3 சதவீதக் கொழுப்புள்ள நீல பாக்கெட்டுக்கு மாறுங்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு இது தாராளமாகச் சரி. வீட்டில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதற்கு இந்த மாற்றத்தைச் செய்யக்கூடாது. எருமைப்பால் ஊற்றுபவர்கள் கவனியுங்கள்: அதில் கொழுப்பு 7 சதவீதம்வரை இருக்கும், ஆரஞ்சு பாக்கெட்டைவிட அதிகம்.

பவுடரையும் சர்க்கரையையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. முதல் நாள் தம்ளரைத் தட்டிவிடுவான், இரண்டாம் நாள் அழுவான், மூன்றாம் நாள் அப்பத்தா அடுப்படியில் வைத்து பழையபடி கலக்கிக் கொடுப்பார். படிப்படியாக இறங்குங்கள். முதல் வாரம் பவுடர் இரண்டு ஸ்பூன், சர்க்கரை ஒன்று. இரண்டாம் வாரம் பவுடர் ஒன்று, சர்க்கரை அரை. மூன்றாம் வாரம் பவுடர் அரை, சர்க்கரை இல்லை. நான்காம் வாரம் வெறும் பால்; வேண்டுமானால் ஒரு சிட்டிகை ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ. டப்பாவின் பின்பக்கம் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் பாருங்கள், நிறுத்த மனம் வரும். இந்தப் பவுடர்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன், பேரீச்சை சிரப் என்று போகாதீர்கள். உடம்புக்கு எல்லாம் சர்க்கரைக் கணக்குதான். 1360 கலோரிக்குச் சேர்த்த சர்க்கரை 34 கிராம்வரை உச்சவரம்பு. அதில் பாதியாக இருந்தால் நல்லது. இவனுக்குப் பாலில் போடும் 30 கிராமோடு பவுடர், பிஸ்கட் கிரீம், குச்சி மிட்டாய் எல்லாம் சேர்கின்றன. தங்கைக்கு வரும் அங்கன்வாடிச் சத்துமாவை இவனுக்கும் கஞ்சியாக ஊற்றுகிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் வழக்கமாக நடப்பது. அந்த மாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே சர்க்கரை போடக்கூடாது. அது சின்னவள் பங்கு, அவளுக்கே இருக்கட்டும். முந்திரி, பாதாம் அரைத்துப் போட்ட வீட்டுச் சத்துமாவும் இவனுக்கு இப்போது தேவையில்லை.

பாட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சர்க்கரைப் பால் வாயில் நின்றபடியே தூங்கினால் முன்பற்கள் கறுத்துச் சொத்தையாகும். இரவு 200 மி.லி.யில் முதல் மூன்று நாள் 150 பால், 50 தண்ணீர். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் 50 பால், 150 தண்ணீர். பிறகு தண்ணீர் மட்டும். பத்து நாளில் அவனே பாட்டிலை ஒதுக்கிவிடுவான். ஒன்றிரண்டு ராத்திரி ரகளை இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் தொடங்குவது உங்களுக்கு வசதி.

பால் அதிகம் குடிக்கும் குழந்தைகளிடம் இன்னொன்றும் பார்க்கிறோம்: பருமனாக இருக்கும், ஆனால் ரத்தம் இருக்காது. பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம்; மற்ற உணவிலிருந்து இரும்புச்சத்து சேர்வதையும் அது தடுக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வு இந்தியாவில் அதிக எடையுள்ள குழந்தைகள் நான்கே ஆண்டில் 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமானதையும் காட்டியது. இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்க முடியும் என்பதைத்தான் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எனவே தைராய்டு பரிசோதனைக்குப் பதில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்; 11-க்குக் கீழே இருந்தால் மருந்து அளவை டாக்டர் சொல்வார். அங்கன்வாடி, கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக வாரம் இரு முறை 1 மி.லி. தரும் இரும்புச்சத்து சிரப்பை விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் பூச்சி மாத்திரையையும்.

தைராய்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? தைராய்டு குறைந்த குழந்தை உயரத்தில் பின்தங்கும். உங்கள் மகன் 104 செ.மீ., வயதுக்குச் சரியான உயரம். எடை ஏறுகிறது, உயரமும் ஒழுங்காக ஏறுகிறது என்றால் காரணம் அநேகமாக உணவுதான்.

பசி டானிக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பாட்டிலை எடுத்துப் பாருங்கள். "சைப்ரோஹெப்டடின்" என்று இருக்கிறதா? அது அலர்ஜி மருந்து. பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு, தூக்கத்தைக் கொடுப்பது இன்னொரு பக்கவிளைவு. சாப்பிடாத குழந்தை என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். மறுபடி வாங்காதீர்கள். சளி, வீசிங் என்று ஏதாவது ஸ்டீராய்டு சிரப் அடிக்கடி கொடுத்திருந்தால், அல்லது பெயர் எழுதாத பொடி எதையாவது நாட்டு மருந்து என்று கொடுத்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடை ஏறுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

பால் குறைந்த மூன்று, நான்கு நாளில் பசி வரும். அப்போது தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு: எத்தனை வயதோ அத்தனை மேசைக்கரண்டி. சோறு நான்கு, கெட்டிப் பருப்பு நான்கு, காய் நான்கு. காயை முதலில் ஒன்றில் தொடங்குங்கள். முடித்துவிட்டு இன்னும் கேட்டால் கொடுங்கள்; கேட்காவிட்டால் ஊட்டாதீர்கள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பொறுப்பு.

காலை எட்டுக்கு இரண்டு சின்ன இட்லி அல்லது ஒரு தோசை, சாம்பாரில் இருக்கும் காயோடு, முட்டை ஒன்று. தோசைக்கு நெய் அரை ஸ்பூன் போதும். பால் 200 இதற்குப் பின்னால், எழுந்தவுடன் அல்ல. இந்த ஒரு மாற்றம் மட்டும் காலை உணவைக் காப்பாற்றும். பள்ளி டப்பாவில் ஒரு நாட்டு வாழைப்பழம், மறுநாள் கொய்யாத்துண்டு, இன்னொரு நாள் நன்றாக வெந்த தட்டைப்பயறு அல்லது பாசிப்பயறுச் சுண்டல் கால் கப். முழு நிலக்கடலை கொடுக்காதீர்கள். ஐந்து வயதுவரை மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் ஆபத்து உண்டு, நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். மதியம் பருப்புச்சோறு, ஏதாவது ஒரு காய், முருங்கைக்கீரை இருந்தால் ஒரு கரண்டி, மேலே நாலு சொட்டு எலுமிச்சை. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அது உதவும். உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது. நான்கு மணிக்கு பால் 200, கூடவே பழமோ அவித்த சர்க்கரைவள்ளியோ. இரவு ஏழே கால், ஏழரைக்குச் சாப்பாடு. அதன் பிறகு தண்ணீர் மட்டும்.

பிடிக்காத காயை ஒரு தடவை துப்பினான் என்று விடாதீர்கள். புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு தட்டில் இருந்தால் போதும். தின்றால் சிப்ஸ் தருகிறேன் என்று சொன்னால், சிப்ஸ் உயர்ந்த பொருள், கத்தரிக்காய் தண்டனை என்று அவன் படித்துக்கொள்வான்.

சாப்பாட்டு நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம். போன் இன்னொரு அறையில், உங்கள் போனும்தான். கையைக் கழுவிவிட்டு அவனே எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். நேரம் முடிந்ததும் தட்டைப் பேசாமல் எடுத்துவிடுங்கள். அரை மணி கழித்துப் "பசிக்குது" என்றால் அடுத்த வேளை எப்போது என்று சொல்லுங்கள், அதுவரை தண்ணீர். முதல் மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். வேறு நோய் இல்லாத, நான்கு கிலோ கூடுதலாக உள்ள குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த மூன்று நாளில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்றுப் போகின்றன.

சேவு, பரோட்டா இரண்டையும் ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டாம். சாத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு சேவு இல்லாத வீடு நடத்த முடியாது. டப்பா கண்ணில் படாத உயரத்துக்குப் போகட்டும். வாரம் ஒரு நாள், சின்னக் கிண்ணத்தில் அளந்து ஒரு மேசைக்கரண்டி. பாக்கெட்டோடு கையில் கொடுக்கக்கூடாது. பரோட்டா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பாதி. உங்கள் பக்கத்துப் பொரித்த பரோட்டா என்றால் கால். ராத்திரி பத்து மணிக்கு வரும் பொட்டலம் இரண்டாவது இரவுச் சாப்பாடாகத்தான் ஆகும். அப்பாவிடம் சொல்லுங்கள்: வரும்போது கையில் ஏதாவது வேண்டும் என்றால் ஒரு மாதுளை, ஒரு பந்து.

11 மணித் தூக்கம் எடையோடு சம்பந்தமுள்ள விஷயம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். குறைத்துத் தூங்கும் குழந்தைகளுக்கு எடை ஏறும் வாய்ப்பு கூடுதல். வாரத்துக்குக் கால் மணி, கால் மணியாக முன்னால் இழுத்து ஒன்பதரைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டி.வி. நிற்க வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. ஓடியாடுவது நாளைக்கு மூன்று மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கச் சிதறி. உங்கள் ஊர் வெயிலுக்குக் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் தெரு. நடுவில் வீட்டுக்குள் பாண்டி, கண்ணாமூச்சி, சின்னக் குடத்தில் செடிக்குத் தண்ணீர் தூக்குவது. பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் திரும்பி வரும்போதாவது நடத்திக் கூட்டி வாருங்கள்.

எப்போது குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்: மூன்று மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், எடை ஏற, உயரம் ஏறாமல் நின்றால், கழுத்துப் பின்புறமும் அக்குளும் தேய்த்தாலும் போகாத கறுப்பாக, தடித்திருந்தால், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வந்தால், நொண்டினால், முழங்கால் அல்லது இடுப்பு வலி என்றால், தாகமும் சிறுநீரும் திடீரென அதிகமானால். இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

இவை இல்லையென்றால் மாதம் ஒரு முறை எடை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் போதும். தினமும் ஏற்றி நிறுத்தாதீர்கள். வீட்டு ஸ்பிரிங் மெஷின் ஒரு கிலோ இப்படி அப்படிக் காட்டும். அங்கன்வாடி மெஷினிலேயே பாருங்கள். மெல்லிய உடை, செருப்பில்லாமல், காலையில். உயரத்துக்கு குதிகால், பின்புறம், தலை மூன்றும் சுவரில் படவேண்டும், பார்வை நேரே. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை போகும்போது அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள். பள்ளி டப்பாச் சுண்டலுக்குப் பயறு ஊற வைப்பது அவர் பொறுப்பாக இருக்கும் வீட்டில், மெஷினில் வரும் எண்ணையும் அவரே படித்துச் சொல்லட்டும்.